உண்ட உணவு உடலாவது எவ்வாறு?

கழுகுமலையைச் சுற்றியுள்ள கரிசல் நிலத்தில் உழைப்பவர் ஒருவர் காலையில் ஒரு கும்பா கம்மங்கூழைக் குடித்துவிட்டுப் பருத்திக் காட்டுக்குப் போகிறார். உச்சிப்பொழுது வரை அவர் கை ஓய்வதில்லை. கும்பாவில் இருந்த கூழ் கையின் வலிமையாக மாறியது எவ்வாறு? “வயிற்றுக்குள் போயாயிற்று, இனி உடம்பில் ஒட்டும்” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் வயிற்றுக்குள் போவது வேறு, உடம்புக்குள் போவது வேறு. இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவரை உணவு எப்படித் தாண்டுகிறது என்பதே செரிமானத்தின் கதை. விலங்கியல் மாணவனாகிய நான் வகுப்பறையிலும் ஆய்வுக்கூடத்திலும் நூலகத்திலும் கற்றவற்றைக் கலைப்பிரிவு நண்பர்களும் அறிந்துகொள்ளும் வண்ணம் இங்கே எழுத முற்படுகிறேன். இது தேர்வுக்காக மட்டும் படிக்க வேண்டிய பாடமன்று. நம் வீட்டுக் குழந்தைகளின் உயிரோடு தொடர்புடைய பாடம் என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் காணலாம்.

உடலுக்குள் ஒரு வெளி

நமது செரிமான மண்டலம் வாயில் தொடங்கி மலவாயில் முடியும் ஒரே நீண்ட குழல். வளர்ந்த மனிதனுக்கு இதன் நீளம் ஏறத்தாழ 8 முதல் 9 மீட்டர். இரு முனைகளும் வெளியுலகை நோக்கித் திறந்திருக்கின்றன. உளுந்த வடையின் நடுவிலே உள்ள துளையை எண்ணிப் பாருங்கள். துளையைச் சுற்றிலும் வடைதான்; ஆயினும் துளை வடையாகாது. அதுபோலவே குடலுக்குள் இருக்கும் பொருளைச் சுற்றிலும் நம் உடல் இருக்கிறது. ஆயினும் அந்தப் பொருள் இன்னும் உடலின் பகுதியாகவில்லை. குழந்தை விழுங்கிய புளியங்கொட்டை மறுநாள் அப்படியே வெளியே வந்துவிடுகிறதல்லவா? அது உடலின் ஊடே பயணம் செய்ததேயன்றி உடலுக்குள் நுழையவே இல்லை.

குடற்சுவரின் வழியாக இரத்தத்தை அடைந்த பொருளே உண்மையில் உள்ளே வந்த பொருள். அந்தச் சுவரிலுள்ள வாசல்களோ மிகச் சிறியவை. கம்பிலும் சோளத்திலும் உள்ள மாப்பொருள், ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகள் சங்கிலிபோலக் கோத்த பெரிய மூலக்கூறு ஆகும். களத்தில் நிற்கும் சோளத்தட்டைப் படப்பை அப்படியே தூக்கி வீட்டு வாசல் வழியே கொண்டு செல்ல இயலுமா? பிரித்துக் கட்டுக்கட்டாகத்தான் கொண்டு செல்ல வேண்டும். செரிமானமும் அப்படித்தான். மாப்பொருள் குளுக்கோஸ் முதலிய எளிய சர்க்கரைகளாகவும், புரதம் அமினோ அமிலங்களாகவும், கொழுப்பு கொழுப்பு அமிலங்களாகவும் பிரிந்த பின்னரே வாசல் திறக்கிறது. இவ்வாறு பிரிக்கும் வேலையைச் செய்பவை நொதிகள்.

வாயும் உணவுக்குழலும்

செரிமானம் வாயிலேயே தொடங்கிவிடுகிறது. பற்கள் உணவை அரைக்கின்றன. மூன்று இணை உமிழ்நீர்ச் சுரப்பிகள் நாளொன்றுக்கு 1 முதல் 1½ லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி மாப்பொருளை மால்டோஸ் என்னும் சர்க்கரையாக உடைக்கத் தொடங்குகிறது. வெறுஞ்சோற்றை ஒரு கவளம் எடுத்து இரண்டு நிமிடம் விழுங்காமல் மென்று பாருங்கள். இலேசான இனிப்பு தட்டும். ஆய்வுக்கூடம் வேண்டாத ஆய்வு இது. “நொறுங்கத் தின்றால் நூறு வயது” என்று நம் முன்னோர் சொன்னதன் பொருளும் இதனால் விளங்கும். துகள் சிறிதாகச் சிறிதாக, நொதி தொட்டு வேலை செய்யும் பரப்பு பெருகுகிறது.

விழுங்கும்போது குரல்வளை மூடி மூச்சுக்குழலின் வாயை அடைத்துக்கொள்கிறது. உணவு ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழலுக்குள் செல்கிறது. அங்கு அது தன் எடையால் மட்டும் கீழே விழுவதில்லை. குழலின் தசைகள் மேலிருந்து கீழாக அலைபோலச் சுருங்கி அதைத் தள்ளிக்கொண்டு போகின்றன. இந்த அலையியக்கம் இருப்பதால்தான் தலைகீழாகத் தொங்கும் ஒருவனாலும் ஒரு வாய் உணவை விழுங்க முடிகிறது.

இரைப்பை

இரைப்பைக்குள் நடப்பதை மனிதன் முதலில் நன்கு கண்டறிந்தது ஒரு விபத்தினால். 1822ஆம் ஆண்டு வட அமெரிக்காவில் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பையிலிருந்து வெளியே திறக்கும் துளை ஒன்று ஆறாமலே நிலைத்துவிட்டது. அவருக்கு மருத்துவம் பார்த்த வில்லியம் போமாண்ட் என்பவர், உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அத்துளை வழியே இறக்கி, நேரம் பார்த்து வெளியே எடுத்து, அவை கரைந்த விதத்தைக் குறித்து வைத்தார். 1833இல் அவற்றை நூலாகவும் வெளியிட்டார். இரைப்பை வெறும் அரைவை எந்திரம் அன்று, உணவைக் கரைக்கும் நீரைச் சுரக்கும் உறுப்பு என்பது இவ்வாறு உறுதிப்பட்டது.

அந்த இரைப்பை நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பெப்சின் என்னும் நொதியும் உள்ளன. அமிலம் உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பகுதியைக் கொல்கிறது. பெப்சின் புரதத்தை உடைக்கத் தொடங்குகிறது. புரதத்தைக் கரைக்கும் அந்த நீர் இரைப்பையையே கரைத்துவிடாதபடி, உட்சுவரில் கெட்டியான சளிப்படலம் ஒன்று காவலாக நிற்கிறது.

சாதாரணமாக உணவு இரைப்பையில் 2 முதல் 4 மணி நேரம் தங்குகிறது. கொழுப்பு மிகுந்த உணவு இன்னும் மெதுவாகவே வெளியேறும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கோவில்பட்டிக் கடலை மிட்டாயை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள வெல்லம் விரைவில் சர்க்கரையாக இரத்தத்தில் சேர்கிறது. நிலக்கடலையில் ஏறத்தாழப் பாதி எடை கொழுப்பு, கால்பங்கு புரதம். ஆகவே இரண்டு துண்டு தின்றவருக்கு நெடுநேரம் பசி தெரிவதில்லை.

இவ்வளவு வேலை நடந்தும் இரைப்பையின் சுவரைத் தாண்டி உணவு ஏதும் பெரிதாக உள்ளே போகவில்லை. கூழ்போலான அந்தக் கலவை சிறிது சிறிதாகச் சிறுகுடலுக்குள் விடப்படுகிறது.

சிறுகுடல் என்னும் வாசல்

சிறுகுடலின் முதல் 25 சென்டிமீட்டர்ப் பகுதி முன்சிறுகுடல். இங்கே இரண்டு துணைவர்கள் வந்து சேர்கின்றனர். ஒன்று கணையம், மற்றொன்று கல்லீரல். கணைய நீரிலுள்ள அமைலேஸ் மாப்பொருளையும், டிரிப்சின் புரதத்தையும், லைப்பேஸ் கொழுப்பையும் உடைக்கின்றன. அந்நீரிலுள்ள பைகார்பனேட் உப்பு, இரைப்பையிலிருந்து வந்த அமிலத்தைச் சமன் செய்கிறது. கல்லீரல் சுரந்து பித்தப்பையில் சேர்த்து வைக்கும் பித்தநீரில் நொதி ஏதும் இல்லை. ஆனால் எண்ணெய்ப் பாத்திரத்தில் சீயக்காய்த் தூள் செய்யும் வேலையைப் பித்த உப்புகள் செய்கின்றன. பெரிய எண்ணெய்த் துளிகளை மிகச் சிறு துளிகளாகச் சிதறச் செய்கின்றன. அதன் பின்னரே லைப்பேஸ் நன்கு வேலை செய்ய முடிகிறது.

சிறுகுடலின் மொத்த நீளம் சுமார் 6 மீட்டர். அதன் உட்சுவர் வழவழப்பான குழாய் அன்று. மடிப்புகள், மடிப்புகளின்மேல் விரல்போன்ற குடல் உறிஞ்சிகள், ஒவ்வோர் உறிஞ்சியையும் போர்த்திய செல்களின்மேல் நுண் உறிஞ்சிகள் என மூன்று அடுக்காக அது விரிந்திருக்கிறது. இப்பரப்பு ஒரு டென்னிஸ் மைதானத்துக்கு ஈடாகும் என்று பல பாடநூல்களில் படித்திருப்போம். 2014இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் மீண்டும் அளந்து, மொத்தம் 30 சதுர மீட்டர் அளவில்தான் இருக்கும் என்று கணக்கிட்டனர். அதுவும் குறைவன்று; நல்ல ஒரு வகுப்பறையின் பாதித் தரையைச் சுருட்டி வயிற்றுக்குள் வைத்ததற்கு ஒப்பாகும். இச்சுவரின் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியனவாக முளைத்துக்கொண்டே இருக்கின்றன.

இங்குதான் உணவு சுவரைத் தாண்டுகிறது. குளுக்கோசும் அமினோ அமிலங்களும் இரத்த நுண்நாளங்களில் சேர்ந்து கல்லீரலுக்குப் போகின்றன. கொழுப்பின் பெரும்பகுதி நிணநீர் நாளங்களின் வழியே சுற்றிக்கொண்டு இரத்தத்தை அடைகிறது. கம்மங்கூழ் இப்போதுதான் உடலுக்குள் வந்திருக்கிறது.

ஒன்பது லிட்டர் கணக்கு

குடலுக்கு வரும் நீரின் கணக்கை நம்மில் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். ஒரு நாளில் நாம் உண்பதிலும் குடிப்பதிலும் வருவது ஏறத்தாழ 2 லிட்டர். உமிழ்நீர் 1½ லிட்டர். இரைப்பை நீர் 2 லிட்டர். பித்தநீர் ½ லிட்டர். கணைய நீர் 1½ லிட்டர். குடல் தானே சுரக்கும் நீர் 1½ லிட்டர். எல்லாம் கூட்டினால் 9 லிட்டர். ஆனால் மலத்தோடு வெளியேறும் நீர் 100 முதல் 200 மில்லி லிட்டரே! மிஞ்சிய நீர் முழுவதையும் சிறுகுடலும் பெருங்குடலுமாக இரத்தத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுகின்றன.

மழையை நம்பியே வெள்ளாமை செய்யும் நம் பக்கத்தாருக்கு இக்கணக்கின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. கண்மாய்க்கு வரும் தண்ணீரில் 100க்கு 98 பங்கைக் காப்பாற்றிக்கொள்ளும் ஊர் எங்கேனும் உண்டா? குடல் அதை நாள்தோறும் செய்கிறது. ஆனால் அந்தக் கண்மாயின் மடை உடைந்துவிட்டால் என்ன ஆகும்? அதுதான் வயிற்றுப்போக்கு. காலரா என்னும் வாந்திபேதியில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் ஒரு மணி நேரத்தில் 1 லிட்டர் வரைகூட நீரை இழக்க நேரிடும். நோயாளியைக் கொல்வது பெரும்பாலும் கிருமி அன்று. நீரும் உப்பும் போய்விடுவதே.

உப்பும் சர்க்கரையும் சேர்ந்து நுழையும் கதவு

என் பாட்டி 1960களில் தம் தலைப்பிள்ளையை வாந்திபேதிக்குப் பறிகொடுத்தவர். “தண்ணி தண்ணின்னு கேட்டான். குடுத்தா இன்னும் போகும்னு எல்லாரும் சொன்னாக. ஈரத்துணிய ஒதட்டுல ஒத்திக்கிட்டே இருந்தேன்” என்று இன்றும் சொல்வார். பாட்டி மட்டுமல்லர், அக்காலத்தில் நாடெங்கும் தாய்மார்கள் அவ்வாறே நம்பினர். அந்த நம்பிக்கையில் கண்ணுக்குத் தெரிந்த ஒரு காரணமும் இருந்தது. வெறும் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தால், வாந்திபேதியில் அது சரிவர உள்ளே ஏறாமல் போய்விடுகிறது. அப்படியானால் எதைக் கொடுத்தால் ஏறும்?

1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே என்ற அறிஞர், காலராக் கிருமி வெளியிடும் நச்சுப்பொருளே நோய்க்குக் காரணம் என்று முயலின் குடலில் செய்த சோதனையால் காட்டினார். அந்த நஞ்சு குடற்சுவரைக் கிழிப்பதில்லை. சுவரிலுள்ள செல்களைத் தூண்டிவிட்டு, உப்பையும் நீரையும் இடைவிடாமல் குடலுக்குள் கொட்டச் செய்கிறது. சுவர் அழியவில்லை என்றால் அதன் உறிஞ்சும் கதவுகளும் அழியவில்லை என்று பொருள்.

மறு ஆண்டு, 1960இல், அமெரிக்க அறிஞர் ராபர்ட் கிரேன் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் ஓர் அரிய கருத்தை எடுத்துரைத்தார். குடற்சுவரில் குளுக்கோஸ் நுழையும் கதவு குளுக்கோசுக்கு மட்டும் திறப்பதில்லை. கூடவே சோடியமும் வந்தால்தான் திறக்கும். இரண்டும் கைகோத்து நுழைகின்றன. உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீர் தானே தொடர்ந்து போகும். காலரா நஞ்சு இந்தக் கதவைத் தொடுவதில்லை. எனவே உப்பையும் சர்க்கரையையும் அளவோடு தண்ணீரில் கலந்து கொடுத்தால், ஒரு பக்கம் மடை உடைந்து நீர் போய்க்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் நீர் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி இத்தகைய கரைசலை வாய்வழியே கொடுத்துக் காலரா நோயாளிகளைத் தேற்றி 1953லேயே எழுதியிருந்தார். அதன் காரணம் பின்னரே விளங்கியது.

1971இல் வங்கதேசப் போரின்போது அகதிகள் இலட்சக்கணக்கில் மேற்கு வங்காளத்துக்குள் வந்தனர். பங்கான் என்ற எல்லையூர் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையிலும் இடமின்றிக் கிடந்தனர். நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலநாபிஸ் என்ற மருத்துவர் குளுக்கோஸ், சமையல் உப்பு, சமையல் சோடா மூன்றையும் டிரம்களில் கரைத்து, நோயாளியின் வீட்டாரே மொண்டு புகட்டும்படி ஏற்பாடு செய்தார். 100க்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, இறப்பு 100க்கு 4க்கும் கீழே இறங்கியது. அவர் 2022இல் மறைந்தார். அடுத்த ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது. இன்று ஓ.ஆர்.எஸ். என்று சுருக்கமாக நாம் சொல்லும் உப்பு–சர்க்கரைக் கரைசல் இதுவே.

வீணானது வீணன்று

சிறுகுடலில் செரிக்காமல் மிஞ்சியது சுமார் 1½ மீட்டர் நீளமுள்ள பெருங்குடலுக்குப் போகிறது. அதை நெடுங்காலம் ஒரு கழிவுக் கிடங்காகவே எண்ணினோம். ஆனால் அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நம் நொதிகளால் உடைக்க இயலாத நார்ப்பொருளையும் ஒருவகை மாப்பொருளையும் அவை புளிக்கச் செய்து, பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. இவை பெருங்குடற் செல்களுக்கு உணவாவதோடு உப்பையும் நீரையும் உறிஞ்சவும் துணைபுரிகின்றன.

இக்கருத்தைப் பயன்படுத்திப் பார்த்த இடம் நம் தமிழ்நாடே. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடன் பணியாற்றியோரும், எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவை உப்பு–சர்க்கரைக் கரைசலில் கலந்து காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தனர். வழக்கமான கரைசல் குடித்தவர்களைவிட இவர்களுக்கு நீர் இழப்பும் குறைந்தது. நோய் ஓயப் பிடித்த காலமும் குறைந்தது. இம்முடிவு 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. சிறுகுடலின் கதவு ஒன்றுக்கு உதவியாகப் பெருங்குடலின் கதவு ஒன்றையும் அவர்கள் திறந்துவிட்டார்கள் எனலாம்.

சமைத்து ஆறவைத்த தானியத்தில் எளிதில் செரிக்காத மாப்பொருள் ஓரளவு கூடுகிறது. கம்பு, சோளம், குதிரைவாலி போன்றவற்றில் நார்ப்பொருளும் மிகுதி. இரவில் காய்ச்சிப் புளிக்கவைத்துக் காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடிக்கும் கூழ், நமக்கும் நம் பெருங்குடல் நுண்ணுயிர்களுக்கும் சேர்த்தே உணவாகிறது. இதனால் கூழே வாந்திபேதிக்கு மருந்தாகிவிடும் என்று யாரும் கொள்ளலாகாது. மருந்து வேறு, அன்றாட உணவு வேறு. ஆயினும் ‘ஏழைச் சோறு’ என்று ஒதுக்கப்பட்ட உணவை மதிப்போடு பார்க்க இவ்வறிவு நமக்கு உதவும்.

நாம் செய்யக்கூடியது

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக நாம் கிராமங்களுக்குச் செல்கிறோம். சாலை செப்பனிடுகிறோம், மரம் நடுகிறோம். அத்துடன் வீட்டுக்கு வீடு பின்வருவனவற்றையும் சொல்லிவரலாம் என்பது என் கருத்து.

வயிற்றுப்போக்கு தொடங்கியவுடனே தண்ணீரை நிறுத்தாமல், ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுக்கத் தொடங்க வேண்டும். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். அதில் அச்சிட்டுள்ள அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பொட்டலம் கைக்கு வரும்வரை, கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் ½ தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். அளவு மிக முக்கியம். உப்பு மிகுந்தால் குழந்தைக்கு ஆபத்து. சர்க்கரை மிகுந்தால் அதுவே நீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கை அதிகமாக்கும். இதனாலேயே கடைகளில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகா. ஒவ்வொரு முறை போனபின்பும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி லிட்டரும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி லிட்டரும் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் மெல்லக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தலாகாது. கண் குழிவிழுந்தாலோ, குழந்தை துவண்டு குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, சிறுநீர் நின்றாலோ தாமதியாமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

குடற்சுவரில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்து நுழையும் ஒரு கதவு உண்டு என்பதை நாம் தேர்வுத் தாளில் இரண்டு மதிப்பெண்ணுக்காக எழுதுகிறோம். அதே செய்தியை ஒரு தேக்கரண்டியும் ஒரு செம்பும் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாய்க்குச் சொல்லிக் காட்டினால், அது ஓர் உயிருக்கு விடையாகும். கற்ற கல்வி அப்போதுதான் செரித்து, உடலில் ஒட்டியது என்று பொருள்.